முந்நூறு கேலன் தண்ணீரும் இரண்டு வண்டிகளும்

பண்ணை வீடு, தெற்கு டகோட்டா
செப்டம்பர் 27

ஆர்லனுக்கு,

நேற்று நர்ஸ் போனை உன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நீ கரண்டியால் கட்டிலைத் தட்டினாய். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. ஏழு கேள்வி கேட்டேன். ஏழுக்கும் ஒரே ஒரு தட்டு. 'வலிக்கிறதா' என்றதற்கும் ஒன்று, 'வலி இல்லையே' என்றதற்கும் ஒன்று. இனிமேல் இந்த விளையாட்டு வேண்டாம். தொண்டையில் குரல்பெட்டியைத்தான் எடுத்தார்கள், கையை எடுக்கவில்லை. எழுது. நானும் எழுதுகிறேன். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் நாம் ஒருவருக்கொருவர் எழுதியது கடைச் சாமான் சீட்டு மட்டும்தான்.

சங்கதி இதுதான். நம் பிக்கப் வண்டி செத்துப்போனது. டவுன் குழாயில் முந்நூறு கேலன் டாங்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். பக்கத்துப் பண்ணை டுவேன் வீட்டுக்கு முந்தின மேட்டில் கியர் நழுவியது, சர்க்கரை தீய்ந்தது போல ஒரு நாற்றம், அவ்வளவுதான். டுவேன் டிராக்டரைக் கட்டி வீடுவரை இழுத்துக் கொடுத்தான். மெக்கானிக் வந்து கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "கியர்பெட்டி போச்சு வெல்டா. இத மாத்துறத விட அடக்கம் பண்றது மலிவு" என்றான்.

அந்த டாங்க் தண்ணீரை வீட்டுத் தரைத்தொட்டியில் இறக்கியதும் குச்சி விட்டு ஆழம் பார்த்தேன். பத்து நாளைக்கு இருக்கும். குளிக்காவிட்டால் பதிமூன்று. மாடுகளுக்குக் குளம் இருக்கிறது. நமக்குத்தான் டவுன் குழாயை விட்டால் வேறு கதி இல்லை.

கெர்மிட்டின் வண்டிச் சந்தையில் இரண்டு நிற்கின்றன. ஒன்று பெரிய பிக்கப், வெள்ளை, உன் பழைய வண்டி மாதிரியே ஆனால் இன்னும் உயரம். இன்னொன்று நடுத்தர பிக்கப், மண் நிறம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், அதில் தலைவலி இல்லை. டுவேன், "தண்ணி தூக்கணும்னா பெருசு. வேற பேச்சே இல்ல" என்கிறான். அவன் பெண்டாட்டி மார்வா, "சின்னத வாங்கு. அதுல ஏற மண்டி போட்டு ஜெபம் பண்ண வேண்டியதில்ல" என்கிறாள். இதுவரை வண்டி வாங்கியதெல்லாம் நீ. எதை வாங்கட்டும் என்று உடனே எழுது.

வெல்டா

*

மருத்துவமனை
செப்டம்பர் 29

வெல்டா,

பெரியதை வாங்கு.

இதோடு முடித்திருப்பேன். நீ ஏன் என்பாய். ஒரு கேலன் தண்ணீர் எட்டேகால் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். முந்நூறு கேலன் இரண்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு. ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திற. கதவு சாத்துகிற சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். அதை மட்டும் படி. கெர்மிட் எவ்வளவு இழுக்கும் என்று சொல்லுவான். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. பெரிய எண் எதுவோ அதைத்தான் வியாபாரி சொல்லுவான்.

நவம்பர் இருபதில் கன்றுச் சந்தை. டிரெய்லரில் கன்றுகளை ஏற்றிக்கொண்டு அந்த நீள இறக்கத்தில் காற்றடிக்கும்போது போனால், சின்ன வண்டி முன்னால் இருக்காது. கன்றுகள்தான் முன்னால் இருக்கும்.

இங்கே புற்றுக்காகக் கழுத்தில் முப்பத்து மூன்று தடவை கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டும். மூன்று முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் ஹார்லி என்று ஒரு பீட்ரூட் விவசாயி. நாள் முழுக்கப் பேசுகிறான். என்னால் பதில் பேச முடியாது என்பது அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நவம்பர் பத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் தண்ணீரை நான் தூக்குவேன், கன்றுகளை நான் கொண்டுபோவேன். நீ அதுவரை சமாளித்தால் போதும். எழுத்து கிறுக்கலாக இருக்கும். மடியில் வைத்து எழுதுகிறேன்.

ஆர்லன்

*

அக்டோபர் 3

ஆர்லனுக்கு,

பெரிய வண்டியில் ஏறிப் பார்த்தேன். ஏறினேன் என்று சொல்வது மரியாதைக்கு. கெர்மிட் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டான். இடுப்பு உனக்குத் தெரியும், இடது கால் ஒரு உயரத்துக்கு மேல் வராது. கெர்மிட்டின் அறை வாசலில் காபி குடிக்கிற கூட்டம் ஒன்று எப்போதும் உண்டே, லைலும் அவன் தம்பியும். லைல், "வெல்டா, ஏணி கொண்டாரட்டுமா, இல்ல தீயணைப்பு வண்டிக்குப் போன் போடட்டுமா?" என்றான். "எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் குனிஞ்சு நில்லுங்க, முதுகு மேல ஏறிக்கிறேன்" என்றேன்.

ஓட்டிக்கொண்டு கடைத்தெருவில் போனேன். அந்த வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நம் நாய் டிப் முன்னால் உட்கார்ந்திருந்தால் அது இருப்பதே தெரியாது. யார் வீட்டுக் குழந்தை நின்றாலும் தெரியாது. பின்னால் எடுக்கும்போது கெர்மிட்டின் விளம்பரப் பலகைக் கம்பத்தை இடித்தேன். கம்பம்தான் சாய்ந்தது, வண்டிக்கு ஒன்றும் இல்லை.

நடுத்தர வண்டியில் சமையலறை நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தேன். கெர்மிட், "ஆறாயிரம் பவுண்டு இழுக்கும் வெல்டா" என்றான். "சுமக்கிறது எவ்வளவு?" என்றேன். "அது வந்து..." என்றான். நானே கதவைத் திறந்து சீட்டைப் படித்தேன். ஆயிரத்து இருநூற்று எண்பது. பெரியதில் மூவாயிரத்துச் சொச்சம். கெர்மிட் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர்க் கவலை இருக்கிறதே என்று நடுத்தர வண்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறான். எழுத்து எதுவும் இல்லை, சாவியைத் தூக்கிப் போட்டான்.

இரண்டு கேள்வி. உன் எழுத்து முன்பு வலப்பக்கம் சாயும். இந்தக் கடிதத்தில் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது, மழைக்குப் பிந்தின வேலிக் கம்பம் மாதிரி. படுத்துக்கொண்டா எழுதினாய்? இரண்டாவது, நீ வந்து தூக்குவாய் என்கிறாய். நல்லது. அதற்கு டாக்டர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி எழுது.

வெல்டா

*

அக்டோபர் 7

வெல்டா,

டாக்டர் வானிலை சொல்கிறவன் மாதிரி. மழை வரலாம், வராமலும் போகலாம். எது நடந்தாலும் அவன் சொன்னது சரியாகவே இருக்கும். அவனைக் கேட்டு நான் வண்டி வாங்கப் போவதில்லை.

நீ கேட்பது டாக்டரைப் பற்றி இல்லை. அது எனக்குத் தெரிகிறது. சின்ன வண்டி வாங்குகிறவள் சின்ன வேலைக்கு வாங்குகிறாள். தபால் எடுக்க, சர்ச்சுக்குப் போக, கல்லறைக்குப் பூ கொண்டுபோக. என்னை எந்த வேலையில் சேர்த்திருக்கிறாய் என்று நேராகச் சொல்லிவிடு.

ஹார்லியின் பெண்டாட்டி அவன் இங்கே வந்த மூன்றாவது வாரமே லாரியை விற்றுவிட்டுச் சின்னக் கார் வாங்கிவிட்டாள். "அவ கெட்டிக்காரி, முன்கூட்டியே யோசிப்பா" என்று சொல்லிச் சிரித்தான். அப்புறம் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

பலகைக் கம்பம் சாய்ந்தால் கெர்மிட் நிமிர்த்திக்கொள்வான். பழகினால் பழகிவிடும். நீ டிராக்டரே ஓட்டியவள்.

எழுத்தைப் பற்றிச் சொன்னேனே, மடியில் வைத்து எழுதுகிறேன் என்று.

ஆர்லன்

*

அக்டோபர் 11

ஆர்லன்,

உன் கடிதம் வந்தது. படித்தேன். மடித்து வைத்தேன்.

கல்லறைக்குப் பூ கொண்டுபோக எனக்கு வண்டி வேண்டாம். நம் அப்பா அம்மாக்கள் மலைக்கு இந்தப் பக்கம்தான் கிடக்கிறார்கள், நடந்தே போவேன்.

பெரிய வண்டியை யாருக்கும் கொடுக்காமல் மாதக் கடைசிவரை வைத்திருக்கச் சொல்லி கெர்மிட்டிடம் சொல்லிவிட்டேன். உனக்கு அதுதானே வேண்டும். வாங்கிவிடுகிறேன்.

தண்ணீருக்குக் குறைவில்லை. மார்வா ஆறு பால்கேனில் கொண்டுவந்து கொடுத்தாள், கூடவே பிளம்பழக் கேக்கும். குளிர் வந்துவிட்டது. கிழக்கு மேய்ச்சலில் இருந்த பசுக்களை டுவேன் நம் வீட்டருகே கொண்டுவந்துவிட்டான். எல்லாம் நலம்.

வெல்டா

*

அக்டோபர் 14

வெல்டா,

உன்னிடம் கெர்மிட் கொடுத்த வண்டி இருக்கிறது. நம் டாங்க் இருக்கிறது. டவுன் குழாய் இருக்கிறது. அப்படியிருக்க மார்வா எதற்குப் பால்கேனில் தண்ணீர் கொண்டுவருகிறாள்?

இதைக் கேட்க நேற்று நர்ஸை விட்டு வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். காலையில் இரண்டு தடவை, மத்தியானம் இரண்டு தடவை. எடுக்கவில்லை. பசுக்கள் வீட்டருகே வந்துவிட்டன, நீ வெளியே போக வேலையும் இல்லை. அப்புறம் டுவேன் வீட்டுக்குப் போடச் சொன்னேன். நர்ஸ் கேட்டதற்கு அவன், "அத வெல்டாகிட்டயே கேட்டுக்கச் சொல்லுங்க" என்றானாம். டுவேன் நாலு பேர் கேட்டால் எட்டுப் பதில் சொல்கிறவன். அவன் வாயை மூடினால் ஏதோ நடந்திருக்கிறது.

கழுத்துத் தோல் வெந்து உரிகிறது. நேற்றோடு பதிமூன்று கரண்ட். குழாய் வழியாகத்தான் சாப்பாடு. இதெல்லாம் பரவாயில்லை. நடைக்கூடத்தில் போன் இருக்கிறது. நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கோ அடிக்கிறது. பேச முடியாதவன் போனுக்குக் காவல் இருக்கிறான் என்று ஹார்லி ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

போன கடிதத்தில் கல்லறையை இழுத்திருக்கக் கூடாது. என்ன நடந்தது என்று எழுது. எல்லாம் நலம் என்று மட்டும் எழுதாதே.

ஆர்லன்

*

அக்டோபர் 18

ஆர்லனுக்கு,

போன் அடித்தபோது நான் அதன் முன்னால்தான் நின்றேன். நான்கு தடவையும். எடுத்தால் என் குரலில் உனக்குத் தெரிந்துவிடும் என்று எடுக்கவில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி தண்ணீர் எடுக்கப் போனேன். டுவேன் இரண்டு பலகை போட்டு நம் டாங்கை நடுத்தர வண்டியில் உட்கார வைத்துக் கட்டிக்கொடுத்தான். முழுக்க ஊற்றினால் தாங்காது என்று எனக்குத் தெரியும். நீ எழுதிய கணக்கை எடுத்துப் போட்டேன். பாதி ஊற்றினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது பவுண்டு. சீட்டில் ஆயிரத்து இருநூற்று எண்பது. முப்பது பவுண்டு மிச்சம் இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. டாங்கின் எடையை மறந்தேன். உள்ளே உட்கார்ந்திருக்கிற என் எடையையும் மறந்தேன். ஆனால் அதனால் மட்டும் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். பாதிதானே, பத்திரம் என்று நினைத்து மெதுவாகத்தான் வந்தேன்.

சரளைச் சாலை ஓடைப் பாலத்துக்கு இறங்கித் திரும்புகிற இடத்தில் பிரேக்கில் கால் வைத்தேன். வண்டி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ தோளால் இடித்தது போல ஒரு தள்ளு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அடுத்த தள்ளு பக்கவாட்டில். அதன்பிறகு அந்த வண்டி என் வண்டி இல்லை. பள்ளத்தில் இறங்கி வேலியில் சாய்ந்து நின்றது. கட்டியிருந்த வார் அறுந்து டாங்க் உருண்டு புல்லுக்குள் போய்விட்டது. தண்ணீரெல்லாம் களிமண்ணுக்கு.

எனக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் வீங்கியது, வடிந்துவிட்டது. பத்து நிமிஷம் இன்ஜினை அணைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் உனக்கு யார் சொல்லுவார்கள், சொன்னால் நீ எப்படிக் கத்துவாய் என்று ஓடியது. கத்தக் கூட உனக்குக் குரல் இல்லை.

டுவேன் வந்து இழுத்து மேலே ஏற்றினான். சக்கரத் தடத்தை நடந்து பார்த்தான். "ஆர்லனுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றான். "ரெண்டு பேரும் சொல்ல வேண்டாம்" என்றேன். வண்டியில் பக்கக் கண்ணாடி போனது, சக்கரத்து மேல்தகடு நெளிந்தது. கெர்மிட் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கண்ணாடிதான. நீ முழுசா வந்தியே" என்றான். அவனைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நான் மறைத்தது இவ்வளவுதான். இப்போது உன் முறை.

நேற்று மருத்துவமனையிலிருந்து வீட்டு விலாசத்துக்கு ஒரு உறை வந்தது. உள்ளே இரண்டு தாள். ஒருவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, சிலந்தி ஏறுவது போல விரல்களால் சுவரில் ஏறுகிற படம். மேலே பேனாவால் உன் பெயர், 'வலது தோள், தினம் மூன்று வேளை' என்று எழுதியிருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆர்லன், அன்றைக்குக் கரண்டியால் கட்டிலைத் தட்டினாயே, எந்தக் கையால் தட்டினாய்?

வெல்டா

*

அக்டோபர் 22

வெல்டா,

இடது கையால். எழுதுவதும் அதே கையால்தான்.

கழுத்தில் கட்டிகளை எடுக்கும்போது தோளுக்குப் போகிற நரம்பும் போய்விட்டது. வலது கை நெஞ்சுவரை வரும், அதற்கு மேல் வராது. பிடிக்கும், ஆனால் தூக்காது. சட்டை மாட்ட ஆள் வேண்டும். சுவரில் ஓடு பதித்திருக்கிறார்கள், எண்ணிக்கொண்டே விரலால் ஏற வேண்டும். முதல் வாரம் நான்காவது ஓடு. இப்போது ஐந்தாவது. அந்தப் பயிற்சிக்காரப் பெண், "அஞ்சு வந்துட்டீங்களே" என்று கை தட்டுகிறாள். எனக்கு அறுபத்தொரு வயது, கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் நடந்தவன்.

இரண்டு நாள் முன்னால் அவள் தன் பிக்கப்பை வாசலுக்குக் கொண்டுவந்து ஏறச் சொன்னாள். பெரிய வண்டிதான். நோயாளி உட்காருகிற பக்கம் நிறுத்தினாள், வலப்பக்கம். அங்கே நின்றால் மேலே பிடிக்கிற கைப்பிடி வலது கைக்குத்தான் வருகிறது. மூன்று தடவை ஏறப் பார்த்தேன். கடைசியில் அவளும் காவல்காரனும் சேர்ந்து, பிரசவப் பசுவை டிரெய்லரில் ஏற்றுவது போல் தள்ளினார்கள். நான் கையைக் காட்டிப் போதும் என்றேன்.

பெரிய வண்டி வாங்கு என்று ஏன் சொன்னேன் என்றால், அது நம் முற்றத்தில் நின்றால் அதை ஓட்ட ஒருவன் திரும்பி வந்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. வேறு காரணம் எழுதியதெல்லாம் உண்மைதான், ஆனால் அதற்காக எழுதவில்லை.

தண்ணீர் விஷயம் என் தப்பு. டாங்க் நிறைந்திருக்க வேண்டும், இல்லை காலியாக இருக்க வேண்டும். பாதி மட்டும் கூடாது. நிறைந்த டாங்க் படுத்திருக்கிற பசு. பாதி டாங்க் ஓடுகிற டிரெய்லருக்குள் திரும்பிப் பார்க்கிற பசு. இது நம் ஊரில் பத்து வயதுப் பையனுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, ஏனென்றால் முப்பத்து நான்கு வருஷமாக நான் உன்னைத் தண்ணீருக்கு விட்டதில்லை. அது உன் சௌகரியத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பவுண்டுக் கணக்கை எழுதினேன், அதை எழுதவில்லை.

இனி எதை வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் நான் ஏறப் போவதில்லை. பசுக்களைக் கன்றுகளோடு சேர்த்து விற்றுவிட்டு டவுனில் ஒரு வீடு பார்ப்பது என்றாலும் சரி. அங்கே குழாயில் தண்ணீர் வரும்.

ஆர்லன்

*

அக்டோபர் 27

ஆர்லனுக்கு,

பசுக்களை விற்பது பற்றிக் கடைசியில் ஏதோ எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் காபி கொட்டிவிட்டது. படிக்க முடியவில்லை.

இந்தக் கடிதம் வரும்போது நீ உட்கார்ந்திருந்தால் நல்லது.

புதன்கிழமை கெர்மிட்டிடம் போனேன். முதலில் என் தலைத்துணியால் என் வலது கையையே உடம்போடு கட்டிக்கொண்டு ஏறிப் பார்க்கலாம் என்று இருந்தேன். ஆனால் நான் குள்ளம், இடுப்பும் சரியில்லை, என்னை வைத்து உன்னை அளக்க முடியாது. வாசலில் லைல் காபியோடு நின்றான். உன் உயரம், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உனக்கிருந்த அதே தொப்பை.

"லைல், காபிய கீழ வை. வலது கையக் குடு" என்றேன்.

"எதுக்கு, கைரேகை பாப்பியா?"

"கட்டிப்போட."

அவன் தம்பி, "முப்பது வருஷமா இவன் பொண்டாட்டி இதத்தான் பண்ணணும்னு பாக்கறா" என்றான். லைல் சிரித்துக்கொண்டேதான் கையைக் கொடுத்தான். எதற்கென்று சொன்னதும் சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றி வண்டி மேல் வைத்தான். "எந்தக் கதவு மொதல்ல?" என்றான்.

பெரிய வண்டி, வலப்பக்கம். நீ சொன்னதேதான், கைப்பிடி வலது கைக்கு வருகிறது. ஏற முடியவில்லை. பெரிய வண்டி, இடப்பக்கம், ஓட்டுகிறவர் கதவு. முதல் தடவை ஏறிவிட்டான். இரண்டாவது தடவை பூட்ஸ் வழுக்கி முழங்காலுக்குக் கீழே நன்றாக அடி. "மூணாவது தடவ கேக்காத வெல்டா" என்றான். நடுத்தர வண்டி, வலப்பக்கம். திரும்பி முதுகைக் கொடுத்துப் பார்த்தான், குனிந்து பார்த்தான். தலை இடித்ததுதான் மிச்சம்.

நடுத்தர வண்டி, ஓட்டுகிறவர் பக்கம். இடது கையால் கதவோரக் கைப்பிடியைப் பிடித்தான், இடுப்பை இருக்கையில் வைத்தான், உள்ளே போய்விட்டான். இறங்கச் சொன்னேன். ஏறச் சொன்னேன். ஆறு தடவை. ஆறாவது தடவை அவனே, "பழகிப்போச்சு, இப்படியே வீட்டுக்குப் போறேன்" என்றான். அப்புறம் கட்டைத் தளர்த்தி, வலது கையை நெஞ்சுக்குக் கீழே மட்டும் விட்டு, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னேன். சந்தையைச் சுற்றி நான்கு தடவை ஓட்டினான். கெர்மிட் வாசலில் நின்று பார்த்தான். பின்னால் பார்க்கக் கழுத்து திரும்பாதே என்றான். அதற்குத்தான் நான் இருக்கிறேன் என்றேன்.

ஆக இரண்டு வண்டி, நான்கு கதவு. அதில் உனக்கு ஆகிற கதவு ஒன்றே ஒன்று. அது ஓட்டுகிறவர் கதவு. நான் என்ன செய்ய? பக்கத்தில் உட்காரவைத்து ஊர் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கம் உன்னால் ஏற முடியாது. நீ ஓட்டத்தான் வேண்டும்.

நடுத்தர வண்டியை வாங்கிவிட்டேன். நெளிந்த தகட்டோடு, புதுக் கண்ணாடியோடு.

தண்ணீருக்கு டுவேனிடம் பூச்சிமருந்து ஒரு தடவையும் ஊற்றாத பழைய நூறு கேலன் டாங்க் ஒன்று சும்மா கிடந்தது. நூறு கேலன், டாங்க், நான், நீ, நாலையும் கூட்டினேன். சீட்டில் இருப்பதற்கு ஐம்பது பவுண்டு குறைவாக வருகிறது. உனக்குப் போட்டது பழைய எடை, இப்போதைய எடை இல்லை. நேற்று விளிம்புவரை நிரப்பிக்கொண்டு அந்தத் திருப்பத்தில் இறங்கினேன். வண்டி படுத்திருக்கிற பசு மாதிரியே வந்தது. ஒரு நடைக்குப் பதில் மூன்று நடை. இருக்கட்டும்.

கன்றுகளை டுவேன் தன் லாரியில் கொண்டுபோவான். வேறு ஒருவன் நம் கன்றைக் கொண்டுபோனதில்லை என்று நீ சொல்வாய் என்று அவனிடம் சொன்னேன். "முப்பது வருஷமா எங்க கன்னுக்குச் சூட்டு முத்திரை போட வர்றான். நான் ஒரு தடவ ஏத்திட்டுப் போனா தேஞ்சா போயிடுவேன்? அவனுக்குப் புடிக்கலன்னா முன்னால சின்ன வண்டில வழிகாட்டிட்டுப் போகச் சொல்லு" என்றான்.

பயமாகத்தான் இருக்கிறது ஆர்லன். வண்டியைப் பற்றி இல்லை. வண்டிப் பயம் திருப்பத்தோடு போய்விட்டது. மீதிப் பயம் இருக்கிறது. அதை நீ வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த நாள், எத்தனை மணிக்கு வரட்டும்?

வெல்டா

*

நவம்பர் 2

வெல்டா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஹார்லி கேட்டான், அவனிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு, பெண்டாட்டிக்கு எழுத என்னிடம் ஒரு தாள் கேட்டான்.

உன்னிடம் நல்ல சேதி மட்டும் சொல்ல மாட்டேன். ஓடு இன்னும் ஐந்துதான். இருபத்தேழு கரண்ட் முடிந்தது. டாக்டரைப் பிடித்து நிறுத்திச் சிலேட்டில் எழுதிக் கேட்டேன், கட்டி திரும்ப வருமா வராதா என்று. ஜனவரியில் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்கு முன் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். இந்தத் தடவை மழுப்பவில்லை, தெரியாது என்றே சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. ஜனவரிவரை எனக்கும் பயம்தான். எழுதிவிட்டேன்.

கடைசிக் கரண்ட் பத்தாம் தேதி, வெள்ளி. நீ வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வழியில் எங்காவது தங்கி, சனிக்கிழமை பகலில் வந்து சேர். இருட்டில் ஓட்டாதே. மான் குறுக்கே வரும்.

ஒன்று கவனி. இந்த ஆஸ்பத்திரி வாசலில் வண்டி வருகிற பாதை ஒருவழி. அம்புக்குறி போட்டிருக்கிறது. அதன்படி வந்தால் எல்லா வண்டியும் வலப்பக்கத்தை வாசலுக்குக் காட்டித்தான் நிற்கும். நோயாளிகளை அந்தப் பக்கம்தான் ஏற்றுகிறார்கள். எனக்கு அது ஆகாது. இரண்டு நாளாக நின்று பார்த்துவிட்டேன். நீ வெளியே போகிற வாய் வழியாக உள்ளே வா. அம்புக்கு எதிராக. அப்போதுதான் ஓட்டுகிறவர் கதவு என் பக்கம் இருக்கும். காவல்காரன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவான். கத்துவான். நிற்காதே.

என்ன நினைத்துக்கொண்டு இப்படி வருகிறாய் என்று கேட்பான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குக் குரல் இல்லை. நீ இறங்கிச் சொல்லு. நீ சொல்லி முடிப்பதற்குள் நான் ஏறியிருப்பேன்.

ஆர்லன்